அம்மாவின் பட்டுப்புடவைகளை ஜரிகைக்குப் போடலாமா?

அம்மா தவறி நான்கு மாதம் ஆகிறது, பீரோவில் 14 பட்டுப்புடவைகள் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். 1974-இல் அவர் கல்யாணத்துக்குக் கட்டிய கூறைப்புடவை மடிப்புகளில் விட்டுப்போயிருக்கிறது, ஜரிகை கறுத்திருக்கிறது. தெருவில் வரும் ஜரிகைக்காரர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொல்லிவிட்டு, அடுத்த வாரம் வருவதாகப் போயிருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் தங்கை ஒன்றைக்கூடக் கொடுக்கக் கூடாது என்கிறார். உங்கள் வீட்டிலோ வைக்க இடம் இல்லை. "அவர் சொல்வது நியாயமான விலைதானா?" என்பது நீங்கள் கேட்டது. ஆனால் கடைசி வரியில் "பீரோவைத் திறந்தால் அம்மா வாசனை வருகிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் கேள்வி விலையைப் பற்றி மட்டும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, வைத்துக்கொண்டதை எப்படிக் கெடாமல் பார்த்துக்கொள்வது என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டால் விலைக்கும் அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

முதலில் அவசரத்துக்கு ஒரு வார்த்தை. அடுத்த வாரம் அவர் வரும்போது ஒன்றையும் கொடுக்காதீர்கள். அதற்காகப் பதினான்கையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்பதும் இல்லை. ஒரு சின்ன பீரோவில் பதினான்கு பட்டைத் திணித்து வைத்தால் பத்து வருடத்தில் பதினான்கும் போகும். நான்கை ஒழுங்காக வைத்தால் நான்கும் நிற்கும். பழந்துணிகளைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள்.

ஜரிகைக்காரர் வாங்குவது புடவையை அல்ல, அதில் இருக்கும் உலோகத்தை. வாங்கியதும் கரையையும் முந்தியையும் வெட்டி எடுப்பார்கள். அதை எரித்தால் பட்டு சாம்பலாகிவிடும், கம்பி நிற்கும். அதை உருக்கி, நைட்ரிக் அமிலத்தில் கரைப்பார்கள். வெள்ளியும் செம்பும் கரைந்துவிடும், தங்கம் மட்டும் பழுப்புத் தூளாக அடியில் தங்கும். கரைசலிலிருந்து வெள்ளியைத் தனியே பிரித்தெடுப்பார்கள். ஆக, நெசவு எப்படிப்பட்டது, நிறம் எவ்வளவு அபூர்வம், கரையில் தாழம்பூ ரேக்கு வேலைப்பாடா மயில்கண் வேலைப்பாடா என்பதெல்லாம் அவர் சொல்லும் விலையில் ஒரு பைசாகூடச் சேராது. இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அவர் தொழில் அது. அவர் சொன்ன தொகை புடவையின் மதிப்பு என்று நாம் நினைத்துக்கொள்வதில்தான் தப்பு.

உலோக விலையை நீங்களே உத்தேசமாகப் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் ஜரிகை நிறுவனம் காஞ்சிபுரத்தில் தயாரிக்கும் அசல் ஜரிகையின் அளவு இது: வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5, பட்டு நூல் 24, தங்கம் 0.5. சமையலறை டிஜிட்டல் தராசில் புடவையை நிறுங்கள். 850 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இனி வெறும் பட்டின் எடை எவ்வளவு என்று தெரிய வேண்டும். அந்தப் புடவையிலிருந்தே வெட்டிய, ஜரிகை இல்லாத ரவிக்கைத் துண்டு தைக்காமல் எங்காவது கிடந்தால் அதை நிறுத்து, நீள அகலம் அளந்து, புடவையின் மொத்தப் பரப்புக்குக் கணக்குப் போடுங்கள். 550 கிராம் என்று வந்தால் மிச்சம் 300 கிராம் ஜரிகை. அது மேலே சொன்ன அளவில் செய்த ஜரிகையாக இருந்தால் அதில் 120 கிராம் வெள்ளியும் 1.5 கிராம் தங்கமும் இருக்கும். அன்றைய விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். எரித்துப் பிரிக்கும் கூலியும், அதில் வீணாவதும், அவருடைய லாபமும் போக மீதிதான் உங்கள் கைக்கு வரும். அது நியாயம்தான், ஆனால் எவ்வளவு கழிகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்ற பேச்சே வேண்டாம். ஒவ்வொரு புடவைக்கும் தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். ஒன்றுமே இல்லாத பத்தோடு கனமான நான்கைக் கலந்து விலை பேசும்போதுதான் ஏமாற்றம் நடக்கிறது.

மேலே போட்டது உத்தேசக் கணக்கு. 1974-இல் நெய்த ஜரிகை இதே அளவில்தான் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது, கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். அதைவிட முக்கியம், எல்லா ஜரிகையும் அசல் அல்ல. கடைக்காரர்கள் 'டெஸ்டட்' என்று சொல்வது செம்புக் கம்பிக்கு மேல் மெல்லிய வெள்ளி முலாம் கொடுத்தது. அதற்கும் கீழே பிளாஸ்டிக் ஜரிகை, பாலியஸ்டர் படலத்தை இழையாக நறுக்கியது. முந்தி ஓரத்தில் தொங்கும் ஓர் இழையை எடுத்து, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பிளாஸ்டிக் என்றால் சுருங்கி உருகிக் கட்டியாகும். உலோகம் என்றால் நடுவில் இருக்கும் நூல் எரிந்து, சுருள் கம்பி மட்டும் நிற்கும். அந்த நூல் பட்டாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். நடு நூல் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறப் பட்டாக இருப்பது அசல் ஜரிகையில் வழக்கம். ஆனால் அது மட்டுமே சாட்சி ஆகாது.

உரசிப் பார்த்து, சிவப்பாகத் தெரிந்தால் போலி என்று சொல்வார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். மேலே சொன்ன அளவைப் பாருங்கள், அசல் ஜரிகையிலேயே செம்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறது. இலேசான சிவப்பு அசலிலும் வரும். இதைக் காட்டியே "இது வெறும் செம்பு" என்று விலையை இறக்குவதும் உண்டு. நகைக்கடைகளில் தங்கத்தின் மாற்றுப் பார்க்க வைத்திருக்கும் எக்ஸ்ரே எந்திரத்தில் கரையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். துணி சேதமாகாது, வெள்ளி எத்தனை, செம்பு எத்தனை என்று சதவீதம் சொல்லிவிடும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அது மேற்பரப்பைத்தான் அதிகம் பார்க்கும், தங்கம் முலாமாக மேலே இருப்பதால் அதைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். வெள்ளி இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க அது போதும், கடைசி கிராம் வரை கணக்குப் பார்க்கப் போதாது. நீங்கள் போட்டிருக்கும் படங்களை வைத்து எந்தப் புடவையில் எந்த ஜரிகை என்று என்னாலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள்.

அடுத்தது, எதை வைத்துக்கொள்வது. பதினான்கையும் ஒரே நாளில், பகல் வெளிச்சத்தில், வெயில் படாத இடத்தில் ஒரு வெள்ளை வேட்டி விரித்து அதன் மேல் பிரியுங்கள். மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், ஜரிகையில் மாட்டினால் இழுத்துக்கொண்டு வரும். ஒவ்வொன்றையும் ஐந்து படம் எடுங்கள்: முழுசாக ஒன்று, முந்தி, கரை, பின்பக்கம், சேதம். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். ஒரு நோட்டில் யார் எடுத்தது, எந்தக் கடை, என்ன விசேஷம், அம்மா அதைக் கடைசியாக எப்போது கட்டினார் என்று எழுதுங்கள். உங்களுக்குத் தெரியாததைச் சித்தி, அத்தையிடம் இந்த மாதமே போனில் கேட்டு எழுதிவிடுங்கள். துணியை நூறு வருடம்கூட வைத்திருக்க வழி இருக்கிறது, "இது உன் சீமந்தத்துக்கு எடுத்தது" என்ற தகவலை வைத்திருக்கும் ஆள் அவ்வளவு காலம் இருக்க மாட்டார். நோட்டு முடிந்ததும் பாருங்கள், பதினான்கில் ஐந்தாறுக்கு எழுத ஒன்றுமே இருக்காது. யாரோ கொடுத்தது, ஒரு தடவை கட்டியது, அவ்வளவுதான். பிரிப்பது அங்கேயே பாதி முடிந்துவிடும்.

பின்பக்கத்தைப் பாருங்கள் என்றேன், அதற்குக் காரணம் உண்டு. கூறைப்புடவையைக் குப்புறப் போட்டு, உடலும் கரையும் சேரும் கோட்டை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறமாக இருந்து, இரண்டு ஊடையும் (குறுக்கே ஓடும் இழை) ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொண்டு பல் பல்லாக ஏறி இறங்கினால் அது கோர்வை. தறியில் மூன்று நாடா (ஊடை நூலைக் கொண்டுபோகும் கட்டை) ஓட்டி, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து நெய்தது. உடலும் முந்தியும் சேரும் இடத்தில் ஒரு பாவின் (நீளவாக்கில் ஓடும் நூல்) இழைகளை இன்னொரு பாவின் இழைகளோடு கையால் முடைந்திருந்தால் அது பிட்னி. அந்த இடம் தடித்து, ஒரு மெல்லிய மேடுபோல விரலுக்குத் தட்டும். இரண்டும் இருந்தால் அந்தப் புடவை ஜரிகை விலைக்குப் போக வேண்டியது அல்ல, கிழிந்திருந்தாலும். கைத்தறிப் பட்டு சேகரிப்பவர்களும், பழைய கரையைப் பார்த்து மறுபடி நெய்யக் கேட்பவர்களும் தேடுவது இதைத்தான். (கூறைப்புடவை என்ற பேர் மயிலாடுதுறையை ஒட்டிய கூறைநாட்டிலிருந்து வந்தது. அந்தப் பட்டும் பருத்தியும் கலந்த கட்டம் போட்ட புடவை வேறு. இப்போது கல்யாணப் புடவை எதுவானாலும் கூறை என்கிறோம்.)

மடிப்பில் ஏன் விடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஜரிகை என்பது நசுக்கித் தட்டையாக்கிய உலோகக் கம்பியைப் பட்டு நூலில் சுற்றியது. அதற்கு ஓரம் உண்டு. ஒரே இடத்தில் வருடக்கணக்கில் மடிந்து அழுந்தியிருக்கும்போது அந்த ஓரம் பக்கத்துப் பாவு இழைகளை மெல்ல அறுக்கும். வியர்வையும் வெளிச்சமும் பட்டை ஏற்கெனவே பலவீனப்படுத்தியிருக்கும். அதனால்தான் உடலில் சேதம் இல்லாமல், முந்தியிலும் கரையிலும் மட்டும் குறுக்கே பிளேடால் கீறியதுபோல விட்டிருக்கிறது. இனி எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, உள் ஓரத்திலிருந்து ஒரு பாவு நூலை எடுத்து இரண்டு விரலில் பிடித்து மெல்ல இழுங்கள். கொஞ்சம் நீண்டு பிறகு அறுந்தால் பட்டில் உயிர் இருக்கிறது, தைக்கலாம். நீளாமலே பொட்டென்று முறிந்தால் ஊசி போடும் இடமெல்லாம் புதுக் கிழிசலாகும். அந்தப் புடவையை இனி யாரும் கட்டக் கூடாது, சுருட்டி வைப்பதோடு சரி.

துவைக்கலாமா? என் பதில், பெரும்பாலும் வேண்டாம். ஐம்பது வருடம் தண்ணீர் படாத அரக்குக் கரையும் மாம்பழ மஞ்சள் உடலும் ஒரே பக்கெட்டில் நனைந்தால் என்ன ஆகும் என்பதைத் திருப்பிச் சரிசெய்ய வழியே கிடையாது. எந்தப் பழுதுபார்ப்பவராலும் முடியாது. கட்டாயம் நனைக்கத்தான் வேண்டும் என்றால், ஒவ்வொரு நிறத்திலும் கண்ணுக்குப் படாத ஓர் இடத்தில், காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்த வெள்ளைப் பஞ்சை அரை நிமிடம் அழுத்திப் பாருங்கள். பஞ்சில் இம்மியளவு நிறம் வந்தாலும் நிறுத்திவிடுங்கள். டிரை கிளீனிங் கொடுத்தால் பெரும்பாலும் சாயம் இறங்காது, ஆனால் எந்திரத் தொட்டி சுழலும்போது ஜரிகையின் கனமே நைந்த இடத்தைக் கிழித்துவிடும். நைந்த புடவையைத் தொட்டியில் போடாமல் கையால் செய்ய முடியுமா என்று கேளுங்கள், முடியாது என்றால் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ரோல் பிரஸ், பாலிஷ் என்று போடுவதும் வேண்டாம். கஞ்சியும் சூடும் சேர்ந்து இரண்டு நாள் புதுசுபோலக் காட்டும், பிறகு மடிப்பு இன்னும் விறைப்பாகி முறியும். கஞ்சிக்கென்றே வெள்ளிமீன் பூச்சி வேறு வரும். தூசியை மட்டும் எடுக்க வேண்டுமானால், வாக்குவம் கிளீனரின் வாயில் மெல்லிய நெட் துணியைக் கட்டி, குறைந்த வேகத்தில், துணியைத் தொடாமல் ஓர் அங்குலம் மேலே நகர்த்துங்கள்.

கறுத்த ஜரிகைக்கு இணையத்தில் ஆயிரம் வைத்தியம் இருக்கிறது: புளி, எலுமிச்சை, பல்பொடி, சமையல் சோடாவும் அலுமினியத் தாளும், வெள்ளி நகை கழுவும் திரவம். ஒன்றும் வேண்டாம். கறுப்பு என்பது காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டான படலம். அதைத் தேய்த்தெடுத்தால் அதன் மேலிருக்கும் தங்க முலாமும் கூடவே போய்விடும், அது அவ்வளவு மெல்லியது. சோடா காரம், காரம் பட்டுக்கு ஆகாது. புளியும் திரவமும் அமிலம், முழுக்க அலசி எடுக்க முடியாமல் நூலுக்குள் தங்கி உள்ளேயிருந்து தின்னும். கறுப்பு இருந்தாலும் ஜரிகை உறுதியாகத்தான் இருக்கும். கவலைப்பட வேண்டியது பச்சைக்கு. கக்கம் படும் இடத்திலும் இடுப்பு மடிப்பிலும் பிசுபிசுப்பாகப் பச்சை தெரிந்தால் அது வியர்வை உப்பில் செம்பு அரிப்பது. அது பரவும். அதைக் காய்ந்த மென்மையான தூரிகையால் இலேசாகத் தட்டி எடுத்துவிட்டு, அந்தப் பகுதி வேறு துணியைத் தொடாமல் நடுவில் ஒரு வெள்ளைத் துணி வைத்து மூடுங்கள். மேற்கொண்டு கறுக்காமல் இருக்க, ரப்பர் பேண்ட், கம்பளி, சென்ட், ஊதுவத்திப் புகை, அட்டைப் பெட்டி இவற்றைத் தூரத்தில் வையுங்கள்.

தையலுக்கு வருவோம். கிழிந்த ஓரங்களை இழுத்துச் சேர்த்து ரஃபு போடுவது நம் ஊரில் வழக்கம். பட்டு திடமாக இருந்து, ஆணியில் மாட்டிக் கிழிந்த ஓட்டைக்கு அது சரி. மடிப்பில் விட்டதற்குச் சரிவராது, இழுவிசை பக்கத்து நைந்த இழைக்குப் போய் அங்கே கிழியும். செய்ய வேண்டியது, கிழிசலுக்கு அடியில் அதைவிட நான்கு பக்கமும் 3 செ.மீ. அதிகமாக, அதே நிறத்தில் மெல்லிய மல் துணியோ பட்டோ வைத்து, ஓரங்களை இழுக்காமல் இருந்த இடத்திலேயே கிடத்தி, மெல்லிய பட்டு நூலால் குறுக்கே நீளத் தையல் போட்டு அதைச் சின்னச் சின்ன முடிச்சுத் தையலால் பிடித்துக்கொள்வது. ஊசி 12-ஆம் நம்பர். அடித்துணியை முதலில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் சுருங்கி மேல்துணியைக் கசக்கும். புடவையில் தைத்திருக்கும் பருத்தி ஃபாலுக்கும் இதே கதைதான், சுருங்கி இழுத்துக்கொண்டிருந்தால் பிரித்துவிடுங்கள். இஸ்திரி போட்டு ஒட்டும் கேன்வாஸ், பசை இரண்டும் கூடவே கூடாது, பத்து வருடத்தில் மஞ்சளாகி, பிரிக்கவும் முடியாமல் போகும். இந்த வேலைக்கு ஆள் தேடும்போது "முன்பு செய்ததன் பின்பக்கத்தைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். முன்பக்கம் எல்லோருக்கும் அழகாகத்தான் இருக்கும்.

வைக்கும் விதம் பற்றி. இடம் இருந்தால் சுருட்டுவது நல்லது. நான்கு அங்குல விட்டமும் 130 செ.மீ. நீளமும் உள்ள அட்டைக் குழாய், துணிக்கடைகளில் சும்மாவே தருவார்கள். அட்டையின் அமிலம் படாமல் முதலில் அலுமினியத் தாளைச் சுற்றி, மேலே துவைத்த பருத்தித் துணியைச் சுற்றி, அதன் மேல் புடவையை ஜரிகை மடங்காமல் சுருட்டுங்கள். பி.வி.சி. குழாய் வேண்டாம். இடம் இல்லையென்றால் மடித்தே வைக்கலாம். ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் பழைய வேட்டித் துணியை உருளையாகச் சுருட்டி வைத்து, மடிப்பு கூராகாமல் வளைந்திருக்கும்படி செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு அங்குலம் தள்ளி வேறு இடத்தில் மடியுங்கள். பழைய மடிப்பில் மறுபடி மடிப்பதுதான் இத்தனைக்கும் மூலம். சுற்றுவதற்குக் கஞ்சியும் நீலமும் இல்லாமல் பல தடவை துவைத்த வெள்ளைப் பருத்தி போதும். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறை, செய்தித்தாள், சாயத்துணி வேண்டாம். கனமான ஜரிகையை ஹேங்கரில் தொங்கவிட்டால் தன் கனத்தாலேயே கோர்வைக் கோட்டில் பிரியும்.

ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூசணம் வரும், கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் அது சர்வசாதாரணம். பீரோவின் குளியலறைச் சுவர்ப் பக்கமும் அடித்தட்டும் ஆகாது. ஒரு தட்டுக்கு அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் போட்டு வைத்து, நிறம் மாறியதும் 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் காயவைத்து மறுபடி வையுங்கள். காற்றாட விடுவதை மழைக்காலத்தில் செய்யாதீர்கள், தை, மாசியில் நிழலில் செய்யுங்கள். நாப்தலின் உருண்டை, வசம்பு, கிராம்பு எது வைத்தாலும் தனித் துணியில் முடிந்து புடவையைத் தொடாமல் வையுங்கள், தொட்டால் கறை. இவை பூச்சியைக் கொஞ்சம் விலக்கும், முட்டையைக் கொல்லாது. ஓட்டையோ புழுவின் தோலோ கண்ணில் பட்டால், அந்தப் புடவையை மட்டும் காற்று போகாமல் பாலித்தீன் பையில் கட்டி, பிரிட்ஜின் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த துணியின் மேல் நீர் பூக்கும்.

விடுவதற்கும் ஜரிகைக்காரர் மட்டும்தான் வழி என்பதில்லை. உடல் நைந்து கரை நன்றாக இருந்தால், கரையை எடுத்துப் புதுப் பட்டில் வைத்துத் தைக்கலாம். பேத்திக்குப் பாவாடை தைக்கலாம், ஆனால் மேலே சொன்ன நூல் சோதனை செய்துவிட்டுத் தையற்காரரிடம் போங்கள், முறியும் பட்டில் தைத்த பாவாடை ஒரு தீபாவளிக்குக்கூட நிற்காது. கட்டுகிற நிலையில் இருப்பதை அம்மாவோடு பழகியவர்களுக்கு, அவர் யாரோடு எந்தக் கோயிலுக்குப் போனாரோ அவருக்கு, பேர் சொல்லிக் கொடுங்கள். நோட்டில் எழுத ஒன்றும் இல்லாதவை, டெஸ்டட் ஜரிகையும் நைந்த உடலுமாக இருப்பவை, இவற்றை ஜரிகைக்குப் போட்டால் எந்தப் பாவமும் இல்லை. தங்கைக்கு அனுப்புவதில் தொல்பொருள் சட்டம் குறுக்கே வராது, 1974 புடவை தொல்பொருள் ஆகாது. பாட்டியின் பாட்டி புடவை என்று நூறு வருடத்தைத் தாண்டிய ஒன்று அந்த பீரோவில் இருந்தால் மட்டும் நிறுத்துங்கள். 1972-ஆம் வருடத்துச் சட்டப்படி அது தொல்பொருளாகக் கருதப்படலாம், அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்கிய பிறகே அனுப்புங்கள்.

அந்த வாசனை விஷயம். வேட்டி விரித்துப் பிரித்துப் பார்த்த அன்றே பாதி போய்விடும், அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பட்டில் அதை நிறுத்திவைக்கப் பார்க்காதீர்கள். ஒருவரின் உடல் வாசனை என்பது வியர்வையும் எண்ணெய்ப் பசையும், பட்டைத் தின்பதும் அவைதான். தவிர, எப்போதாவது கட்டி உள்ளே வைத்த பட்டில் இப்போது வருவது அநேகமாக நாப்தலினும் இரும்பு பீரோவும் சந்தனமும் கலந்த வாசனை. அம்மா வீட்டில் தினமும் கட்டிய வாயில் புடவை ஒன்று, துவைக்காமல், கொடியிலோ அழுக்குக் கூடையிலோ இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டைப் போலப் பருத்தியை அது அவ்வளவு சீக்கிரம் கெடுக்காது. நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, அகல வாய்க் கண்ணாடி ஊறுகாய் ஜாடியை வாசனை போகக் கழுவிக் காயவைத்து, அதில் போட்டு மூடி, இருட்டான இடத்தில் வையுங்கள். திறக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறையும், அதனால் இரண்டு ஜாடியாகப் பிரித்து, ஒன்றைத் தங்கை வரும் வரை திறக்காமல் வைத்திருங்கள்.